புயலும் பூட்டிய வீடும்

(பேரிடர் மேலாண்மைப் பயிற்சி வகுப்பொன்றில் அலுவலர்கள், மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இந்தியாவின் கிழக்குக் கரையில் வாழும் மக்களுக்குப் புயல் புதியதன்று. 1977 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில் கடல் பொங்கித் திவி சீமையின் கிராமங்களை மூழ்கடித்தது. 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவில் பாராதீப் அருகே பெரும்புயல் கரை கடந்தது. இவ்விரு புயல்களும் தனித்தனியே சுமார் 10,000 உயிர்களைப் பலி கொண்டன. அதன்பின் நிலைமை மாறியது. ஒடிசா 1999ஆம் ஆண்டின் இறுதியிலேயே பேரிடர்களுக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவியது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. கரையோரக் கிராமங்களில் புயல் காப்பிடங்கள் எழுந்தன. 2013 அக்டோபர் 12ஆம் நாள் கோபால்பூர் அருகே ஃபைலின் புயல் கரை கடக்குமுன் ஒடிசாவில் சுமார் 10 இலட்சம் பேர் அகற்றப்பட்டனர். 2019 மே 3ஆம் நாள் பூரி அருகே ஃபானி புயல் வந்தபோது அகற்றப்பட்டோர் சுமார் 12 இலட்சம் பேர். இரண்டு புயல்களிலும் ஒடிசாவின் உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை. இது வளரும் நாடு எதுவும் பெருமை கொள்ளத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் உயிர் பிழைத்தவர் திரும்பிச் செல்ல ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டின் நிலை என்ன என்ற கேள்விக்கு இதே அளவு நிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை. இதனை விளக்க 2014ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரண்டாம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. இரண்டு நாள் விடுமுறை கிடைத்ததென்று வெள்ளிக்கிழமை மாலையே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் சென்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவர் மாதச் சம்பளக்காரர். அடுக்கு வீடொன்றின் மேல்தளத்தில் குடியிருப்பவர். வங்கக் கடலில் புயல் உருவாகியிருந்த செய்தியை அவர் அறியாதவரல்லர். வட ஆந்திரக் கரையை நோக்கி அது நகர்வதை வானிலை ஆய்வுத் துறை சில நாள்களுக்கு முன்பிருந்தே அறிவித்து வந்தது. ஆனால் புயல் என்பது மீனவர் குப்பங்களுக்கும் தாழ்ந்த வயல்களுக்கும் வரும் ஆபத்து, மாநகரின் காங்கிரீட் வீட்டுக்கு அதனால் என்ன நேர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். நகரத்தார் பலர் அவ்வாறே எண்ணினர்.

ஞாயிறு நண்பகலில் புயல் நேராக நகரின்மீதே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். புயலின் கண் கடந்தபோது சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அடித்தது. விமான நிலையத்தின் கூரை சிதைந்தது. சாலையோர மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தமையால் நகரம் இருளில் ஆழ்ந்தது. மின்சாரம் இல்லாததால் குடிநீர் ஏற்றமும் நின்றது. இரயில்கள் இரத்தாகி, தொலைபேசித் தொடர்பும் அறுந்ததால் வெளியூர் சென்றவர்கள் தங்கள் வீட்டின் கதியை அறியவும் வழியின்றித் தவித்தனர்.

சில நாள் கழித்து அக்குடும்பத்தார் வந்து கதவைத் திறந்தபோது தரையெங்கும் தண்ணீர். கடலை நோக்கிய சன்னலின் கண்ணாடி உடைந்திருந்தது. மொட்டைமாடியின் நீர்த்தொட்டியைக் காணவில்லை. மழைநீர்க் குழாயில் இலைகள் அடைத்துக்கொண்டதால் தேங்கிய நீர் படிக்கட்டு வழியே இறங்கியிருந்தது. மெத்தை, துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள், பத்திரங்கள் வைத்த பெட்டி எல்லாம் நனைந்து கிடந்தன. அவ்வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் நிலை இதனினும் கொடியது. குன்றின் சரிவில் இருந்த அவளது வீட்டின் சிமெண்ட் தகட்டுக் கூரை முழுவதும் பறந்து போயிற்று. அவளும் பிள்ளைகளும் எச்சரிக்கையை மதித்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியதால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது நான்கு சுவர்களே நின்றன.

இவ்விரு குடும்பங்களுக்கும் புயல் எதிர்பாராததன்று, சேதமே எதிர்பாராதது. புயலுக்கு 72 மணி நேரத்திற்கு முன்பிருந்தே நான்கு கட்டங்களாக எச்சரிக்கை வழங்கப்படுகிறது. அது காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் கூறுகிறது. பொதுவாக எவ்வகைச் சேதம் நேரலாம் என்பதையும் கூறுகிறது. ஆனால் இந்த வீட்டின் இந்தக் கூரை அக்காற்றைத் தாங்குமா என்பதை அது கூற இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவதே இனி ஆற்ற வேண்டிய பணி.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றைவிட 180 கிலோமீட்டர் வேகக் காற்று நான்கு மடங்கு அழுத்தம் தரும். மேலும், கூரையைக் காற்று கீழ்நோக்கி அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதே மிகுதி. ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் உள்ளிருந்தும் கூரை தள்ளப்படுகிறது. ஆகவே கூரையின் கனம் மட்டும் போதாது. அது சுவரோடும் சட்டத்தோடும் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதே முக்கியம். தாழ்வான வீடுகளின் புயல் தாங்கும் திறனை மேம்படுத்துவதற்கென 2004ஆம் ஆண்டிலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. நெறிகளுக்குக் குறைவில்லை. கொத்தனாரும் தச்சரும் அவற்றை அறிவதிலும், உள்ளாட்சி அமைப்புகள் கட்டட அனுமதியின்போது அவற்றை வலியுறுத்துவதிலுமே குறை உள்ளது.

இழப்பீட்டு முறையையும் நோக்குதல் வேண்டும். 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கு மத்திய அரசு வகுத்த நெறிகளின்படி, சமவெளிப் பகுதியில் முற்றிலும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய் உதவி கிடைக்கும். பகுதிச் சேதத்திற்குக் குறைந்தது 15 சதவிகிதச் சேதம் இருத்தல் வேண்டும். அதற்கான உதவி உறுதியான கட்டடத்திற்கு 6,500 ரூபாய், மண் வீடு போன்றவற்றுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்ற சான்றும் தேவை. இது உடனடி நிவாரணமேயன்றி இழப்பின் முழு ஈடு அன்று. குன்றுச் சரிவில் பட்டா இன்றி வாழ்பவருக்கு அச்சான்று எளிதில் கிட்டுவதில்லை. கணக்கெடுப்பு அலுவலர் வந்த நாளில் வீடு பூட்டியிருந்தால் பதிவே விட்டுப்போகலாம். திரும்பி வந்தவர் முதற்காரியமாக இடிபாடுகளை அகற்றிவிட்டால், பின்னர் வரும் அலுவலருக்குச் சேதத்தின் அளவும் தெரிவதில்லை.

பொருளாதார மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். புயலுக்குப் பின் வாங்கப்படும் புதிய கூரைத் தகடும் கொத்தனாரின் கூலியும் அவ்வாண்டின் நாட்டு வருமானக் கணக்கில் உற்பத்தியாகச் சேர்கின்றன. பறந்துபோன பழைய கூரை அக்கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஆனால் அவ்வீட்டுப் பெண்ணின் கணக்கு வேறு. அவள் கடன் வாங்கி, பல நாள் கூலியை இழந்து, பழைய நிலைக்கே திரும்புகிறாள். எல்லாரும் ஒரே வாரத்தில் வாங்க முற்படுவதால் தகட்டின் விலையும் ஆள் கூலியும் ஏறிவிடுகின்றன. கோடையில் சில கொக்கி ஆணிகளுக்கும் கம்பிகளுக்கும் ஆகும் செலவு, ஐப்பசியில் புதுக் கூரைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

செய்ய வேண்டியவை இவை. முதலாவதாக, புயல் பருவம் தொடங்குமுன் கூரை, சன்னல், அருகிலுள்ள மரங்கள், நீர் வடிகால் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிக்கும் வழக்கத்தை ஊராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் மேற்கொள்ள வேண்டும். வெளியூர் செல்வோர் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது பழைய வழக்கம்; அது நல்ல பேரிடர் முன்னேற்பாடும் ஆகும். இரண்டாவதாக, கணக்கெடுப்பின்போது பூட்டியிருக்கும் வீடுகளுக்குத் தனிப் பட்டியல் இட்டு, குறித்த நாளில் மறு பார்வை செய்தல் வேண்டும். இடிபாடுகளை அகற்றுமுன் ஒரு நிழற்படம் எடுத்து வைக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்தலாம். மூன்றாவதாக, வசதி உள்ளோர் காப்பீட்டை நாட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்புறுதி புயல், வெள்ளச் சேதங்களையும் உள்ளடக்கியது. அவர்கள் காப்பீடு பெற்றால் அரசின் நிதியும் கவனமும் ஏழைகளின் பக்கம் மேலும் திரும்ப இயலும்.

இதற்கு நிதி ஆதாரம் இல்லாமலில்லை. 2021-26 ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கெனப் பதினைந்தாவது நிதி ஆணையம் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேதத்தை முன்கூட்டியே தணிக்கும் பணிகளுக்கென ஒதுக்கியது. நிவாரணத்திற்குச் செலவிடுவதே பேரிடர்ப் பணி என்ற பழைய எண்ணத்திலிருந்து இது முக்கியமான மாற்றமாகும். விசாகப்பட்டினத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஹுத்ஹுத்துக்குப் பின் உலக வங்கிக் கடனுதவியுடன் மேற்கொள்ளப்பட்ட மீட்புத் திட்டத்தில், விழுந்த கம்பங்களை மீண்டும் நடுவதோடு நில்லாமல், நகரின் ஒரு பகுதியில் மின்கம்பிகள் நிலத்தடியில் பதிக்கப்பட்டன. மின்கம்பிக்குக் காட்டப்பட்ட இந்த முன்யோசனை குன்றுச் சரிவில் உள்ள கூரைக்கும் காட்டப்படுதல் வேண்டும்.

புயல் வரும் நாளில் மக்களை வெளியே அழைத்துச் செல்ல அரசு நிருவாகம் கற்றுக்கொண்டுவிட்டது. அழைத்தவுடன் மக்கள் வருவது அதன்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையைக் காட்டுகிறது. விட்டுச் சென்ற வீடு திரும்பி வரும்போது நிற்கும் என்ற உறுதி இருந்தால்தான் அடுத்த முறையும் அவர்கள் தயங்காமல் வருவர். அந்த உறுதியை அளிப்பது அரசு, உள்ளாட்சி, குடிமக்கள் ஆகிய மூவரின் கூட்டுப் பொறுப்பாகும்.