கணக்கும் ஒரு கல்வியே



1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல், நம் பிள்ளைகள் பொறியாளராக வேண்டும் என்பதே இந்நகரியத்தில் நமது கனவு. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின்னும், வணிகவியல் பிரிவை மதிப்பெண் குறைந்தோரின் புகலிடமாகவே எண்ணி வந்தோம். அது தவறு.

மேல்மண்ணை அகற்றி, நிலத்தடி நீரை இறைத்த பின்னரே நிலக்கரி கிடைக்கிறது. அதில் ஒரு டன்னின் அடக்கவிலை என்ன? இயந்திரத் தேய்மானம் எவ்வளவு? நிலம் கொடுத்த கிராமத்தாரின் இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இவற்றைக் கேட்கப் பொருளியலும் கணக்குப்பதிவியலும் கற்றவர்கள் வேண்டும்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவனை உவமையாகச் சொன்னவர் நம் ஆண்டவரே. ஆகவே, விரும்பி அப்பிரிவைக் கேட்கும் பிள்ளையைத் தலைகுனிய வைக்காமல், ஆசீர்வதித்து அனுப்புவோமாக.