திரையோரத்தில் ஒரு பதக்கம்

இன்றைய வீடியோ கேம்களில் கதைக்கும் வெற்றி தோல்விக்கும் வெளியே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடுபவர் ஏதோ ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும் திரையோரத்தில் சின்னப் பெட்டி ஒன்று தோன்றும். கூடவே ஒரு மணியோசை கேட்கும். பெட்டிக்குள் அந்தக் காரியத்துக்கு வைத்த பெயர் இருக்கும். எக்ஸ்பாக்ஸிலும், வால்வ் நிறுவனத்தின் கணினி ஆட்டக் கடையான ஸ்டீமிலும் இதை அச்சீவ்மென்ட் என்கிறார்கள், பிளேஸ்டேஷனில் ட்ரோஃபி. பெரும்பாலான ஆட்டங்களில் இதனால் கூடுதல் பலமோ ஆயுதமோ கிடைப்பதில்லை. ஆடுபவரின் பெயருக்குக் கீழே, நண்பர்கள் பார்க்கும்படி பதிவாகி நிற்கும், அவ்வளவுதான். இந்தப் பதிவுக்காக மணிக்கணக்கில் உழைப்பவர்களும் இருக்கிறார்கள், இது ஆட்டத்தையே கெடுக்கிறது என்று நோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இதற்கு ஒரு வடிவம் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அட்டாரி 2600 கருவிக்கு ஆட்டங்கள் தயாரித்த ஆக்டிவிஷன் நிறுவனம், குறிப்பிட்ட புள்ளிகளை எட்டியவர்களுக்குச் சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் அனுப்பியது. 1982-இல் வந்த பிட்ஃபால் ஆட்டத்தில் 20,000 புள்ளி எடுக்க வேண்டும். கைவசம் 20 நிமிடமும் மூன்று உயிரும். முதலைகள் வாய் திறந்து மூடும் குளங்களையும் உருண்டு வரும் மரக்கட்டைகளையும் தாண்டிப் புதையல்களைப் பொறுக்கினால்தான் அந்த எண் வரும். வந்ததும் தொலைக்காட்சித் திரையை ஃபோட்டோ எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆட்டத்தை நன்றாக ஆடினாலே போதும், சின்னம் கிடைத்துவிடும். அதற்கென்று தனியாக வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. இந்த எளிய நேர்மை பிறகு வந்த பல பதக்கங்களில் இல்லை.

2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இந்த வழக்கத்தைக் கன்சோல் முழுவதற்கும் பொதுவாக்கியது. கடையில் விற்கும் ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் மொத்தம் 1,000 புள்ளி. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்தது கேமர்ஸ்கோர் என்ற ஒரே எண்ணாக ஆடுபவரின் பெயரருகே நின்றது. 2007-இல் ஸ்டீமிலும் 2008-இல் பிளேஸ்டேஷன் 3-இலும் இதே ஏற்பாடு வந்தது. பிளேஸ்டேஷன் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து, மற்ற எல்லாவற்றையும் பெற்றவருக்கு மட்டும் பிளாட்டினம் என்று வைத்தது.

இந்த ஏற்பாடு ஆட்டத்துக்குச் சுவை கூட்டுமா என்பதற்கு 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ நல்ல சான்று. அதன் தொடக்கத்தில் தோட்டத்தில் வைக்கும் குள்ளன் பொம்மை ஒன்று கிடக்கும். கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தப் பொம்மையைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு போய், முடிவில் ஏவப்படும் ராக்கெட்டுக்குள் வைக்க வேண்டும். இதற்கு ஒரு அச்சீவ்மென்ட் உண்டு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பொம்மையைப் பிடித்திருக்கும்போது சுட முடியாது. எதிரி வந்தால் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட வேண்டும், முடிந்ததும் எங்கே உருண்டது என்று தேட வேண்டும். கூரையில்லாத காரில் ஏற்றினால் வேகம் கூடும்போது வெளியே விழும். ஹெலிகாப்டர் துரத்திக்கொண்டு வரும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, ஓடிப்போய்ப் பொம்மையை எடுத்து வரவேண்டிய நிலை வரும். ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டம் இதனால் புதிதாகிவிடுகிறது: தெரிந்த அறைகளே வேறுவிதமாகத் தெரிகின்றன, ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு வேகம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2020 நவம்பரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் முயற்சியாக, ராக்கெட் லேப் நிறுவனம் அந்தப் பொம்மையின் டைட்டானியம் பிரதியை உண்மையான ராக்கெட்டிலேயே அனுப்பியது. ஒரு பதக்கத்துக்காகச் செய்த வேலை 13 ஆண்டு கழித்தும் இவ்வளவு பாசத்தோடு நினைவில் இருக்கிறதென்றால், அதில் கிடைத்த மகிழ்ச்சியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பதக்கம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்ற எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் உளவியலில் அடிப்படை இருக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அது. ஒரு குழுவிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து வண்ணப் பேனாக்களைப் பொதுவில் வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் மூவரும் இத்தகைய 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முன்கூட்டி அறிவித்துத் தரும் பொருட்பரிசு இயல்பான ஆர்வத்தைக் குறைக்கிறது என்றும் வாய்ப்பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை என்றும் முடிவுக்கு வந்தார்கள்.

இதை அப்படியே வீடியோ கேமுக்குப் பொருத்திவிட முடியாது. திரையில் தோன்றும் பெட்டி பொருட்பரிசா, பாராட்டா? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. 2010-இல் கேம் தயாரிப்பாளர்கள் கூடும் ஜி.டி.சி. மாநாட்டில் கிறிஸ் ஹெக்கர் என்ற வடிவமைப்பாளர், அச்சீவ்மென்ட் தீங்கா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்துப் பேசினார். அவர் அதைக் கேள்வியாகவே வைத்தது சரியான அணுகுமுறை. ஆனாலும் அந்த ஆய்வுகளிலிருந்து ஒன்று தெளிவாகிறது: பதக்கம் எதை எண்ணுகிறது, எப்போது வாய் திறக்கிறது என்ற இரண்டையும் கவனிக்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

தவறான இடத்தில் வைத்த பதக்கம் ஒரு நல்ல ஆட்டத்தை என்ன செய்யும் என்பது 2008 ஏப்ரலில் தெரிந்தது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் ஆட்டம். ஒன்பது வகை வீரர்களில் மெடிக் என்பவர் காயம்பட்டவர்களைக் குணப்படுத்துபவர். அந்த மாதம் மெடிக்குக்கு மட்டும் 36 அச்சீவ்மென்ட்களைச் சேர்த்த வால்வ், அவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால்தான் புதிய ஆயுதங்கள் கிடைக்கும் என்றும் வைத்தது. உடனே அணி முழுக்க மெடிக்குகள் ஆனார்கள்; குணப்படுத்த ஆள் இருந்தது, சண்டைபோட ஆள் இல்லை. பதக்கம் எடுப்பதற்கென்றே தனி மேப்களும் சர்வர்களும் முளைத்தன. அங்கே இரு அணியினரும் ஒப்பந்தம் பேசிக்கொண்டு, முறைவைத்து ஒருவரையொருவர் சுட்டு எண்ணிக்கையை ஏற்றினார்கள். ஆட்டத்தின் உயிரான போட்டியே அங்கு இல்லை. அடுத்த ஆண்டு, ஆடும் நேரத்தைப் பொறுத்து ஆயுதங்கள் தாமாகவே கிடைக்கும் ஏற்பாட்டையும் வால்வ் கொண்டுவந்தது.

வெறும் எண்ணிக்கையைக் கேட்கும் பதக்கங்கள் இன்னொரு ரகம். 2006-இல் வந்த கியர்ஸ் ஆஃப் வார், இணையப் போட்டிகளில் 10,000 பேரை வீழ்த்தச் சொன்னது. ஆயிரமாவது முறைக்கும் பத்தாயிரமாவது முறைக்கும் இடையில் ஆடுபவர் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அதே ஆண்டின் டெட் ரைசிங் 53,594 ஜாம்பிகளைக் கொல்லச் சொன்னது. அந்த எண், கதை நடக்கும் ஊரின் மக்கள்தொகை. ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்ற பயங்கரம் அதற்குள் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதை எட்ட, நிலத்தடிச் சுரங்கப்பாதையில் காரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல யோசனை அலுப்பூட்டும் வேலையில் கரைந்துவிட்டது. இதற்கு நேர்மாறு, 2007-இல் வந்த அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் – தி பர்னிங் எர்த். ஒரே பட்டனைத் தொடர்ந்து தட்டினால் சில நிமிடத்தில் ஆயிரம் புள்ளியும் கைக்கு வந்துவிடும். புள்ளிக்காக மட்டும் அந்த ஆட்டத்தை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பதக்கம் வாய் திறக்கும் நேரமும் முக்கியம். கதையில் நெருக்கமான ஒருவர் உயிர்விடும் காட்சியில், இசை தணிந்து ஆடுபவரின் மனம் கனத்திருக்கும்போது, மணியோசையோடு திரையோரத்தில் “அத்தியாயம் 4 முடிந்தது” என்று வந்து நிற்பது அந்தக் காட்சியைக் கொன்றுவிடும். எழுதியவர், நடித்தவர், இசையமைத்தவர் எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு நொடியில் வீணாகிறது. பட்டியலை முன்னாலேயே படித்தால் கதையும் வெளியாகிவிடும். அதற்காகத்தான் சில பதக்கங்களின் விவரத்தை மறைத்து வைக்கிறார்கள். அந்த ஆய்வில் குழந்தைகளுக்குச் சொல்லாமல் கொடுத்த சான்றிதழைப்போல, மறைத்து வைத்த இந்தப் பதக்கங்கள் ஆடுபவர் தம் விருப்பப்படி செய்த ஒன்றைப் பிறகு கண்டுகொண்டு பாராட்டுகின்றன. ஒரே முறை மட்டும் கிடைக்கும் வாய்ப்பைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்ற பதக்கங்கள் எதிர்விளைவையே தருகின்றன: முதல் முறை ஆடும்போதே கையில் வழிகாட்டிக் குறிப்பை வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி நடக்க வேண்டியதாகிறது. தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் அங்கே பறிபோகிறது.

பொதுவில் தெரியும் எண் என்பதால் பொய்யும் நுழைந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட், முறைகேடாகப் புள்ளி சேர்த்தவர்களின் கேமர்ஸ்கோரைப் பூஜ்ஜியமாக்கி, ஏமாற்றியவர் என்ற குறிப்பையும் அவர்கள் பெயரில் போட்டது. ஸ்டீமில் அச்சீவ்மென்ட்களைக் கொட்டித் தருவதற்கென்றே மட்டமான ஆட்டங்கள் விற்பனைக்கு வந்தன. போதிய அளவு ஆட்கள் ஆடாத ஆட்டங்களின் பதக்கங்கள் ஆடுபவரின் மொத்தக் கணக்கில் சேராதபடி 2018-இல் வால்வ் கட்டுப்பாடு போட்டது.

நிண்டெண்டோ தனிப்பாதையில் போனது. 2017-இல் வந்த அதன் ஸ்விட்ச் கன்சோலில் பொதுவான பதக்க ஏற்பாடே இல்லை. அதே ஆண்டின் தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. பொருள் வைக்கும் இடத்தை முழுதாக விரிவாக்க 441 விதை போதும். மிச்சத்தையும் விடாமல் தேடி எடுத்தவருக்குக் கிடைப்பது எதற்கும் பயன்படாத, சாணி வடிவத்தில் ஒரு தங்க நிறக் கட்டி. அத்தனை விதைகளை வைத்தது எல்லாவற்றையும் பொறுக்குவதற்காக அல்ல, எந்தத் திசையில் போனாலும் சில கண்ணில் படட்டும் என்பதற்காக என்று அந்தப் பரிசே சொல்லிவிடுகிறது. பதக்க ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே அதைக் கேலி செய்த ஆட்டமும் உண்டு: 2013-இல் வந்த தி ஸ்டான்லி பேரபிளில், ஐந்து ஆண்டு ஆடாமல் இருந்தால் ஒரு அச்சீவ்மென்ட் கிடைக்கும்.

பதக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு இப்போதைய கன்சோல்களில் ஓரளவு வழி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் அமைப்புகளுக்குள் போய், திரையோரப் பெட்டியும் ஓசையும் வராமல் நிறுத்திவிடலாம். பதிவு பின்னால் நடந்துகொண்டிருக்கும், கதை குலையாது. ஆட்டத்தை ஒருமுறை தன் போக்கில் முடித்துவிட்டு, பிறகு பட்டியலைத் திறந்து, குள்ளன் பொம்மையைப்போல மறுபடி ஆடத் தூண்டும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு, இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம் முழுதாகக் கிடைக்கிறது.