காவல் விடாத மூளையும் வராத நித்திரையும்

(கிளிநொச்சியில் மீள்குடியேறிய குடும்பங்களுடனான சந்திப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கூரைத் தகரம், உலர் உணவு, காணிப் பெர்மிட் பற்றியெல்லாம் எனக்கு முன்னர் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நித்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாங்கள் வீடுவீடாக வந்து குறைகளைக் கேட்கும்போது கிணறு, மலசலகூடம் என்று சொல்லி முடிப்பீர்கள். பிறகு படலையடியில் வைத்து மெதுவாகச் சொல்வீர்கள்: "பிள்ளை, இரவில நித்திரை இல்லை." சிலர் "எனக்கு விசர் பிடிக்கப்போகுதோ" என்றும் பயப்படுகிறீர்கள். நித்திரை வராதது விசர் அல்ல. நான் வைத்தியர் இல்லை. வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை உங்களுக்கு விளங்கப்படுத்துகிறேன்.

எங்கள் நித்திரையை மூளைக்குள் மூன்று விடயங்கள் நடத்துகின்றன.

முதலாவது, களைப்பு. உடம்பின் நிறையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் நாங்கள் சும்மா இருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. அதனால்தான் கண் சொக்குகிறது. நித்திரை கொண்டால் அது குறைகிறது. தேத்தண்ணீரில் உள்ள கஃபீன் இந்த அடினோசின் வேலை செய்யாமல் மறித்துவிடும். களைப்புப் போகாது, மறைந்துதான் நிற்கும்.

இரண்டாவது, மூளையின் மணிக்கூடு. கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே ஏறக்குறைய 20,000 கலங்கள் சேர்ந்து இந்த மணிக்கூட்டை நடத்துகின்றன. அதைச் சரிப்படுத்துவது வெளிச்சம். 1996இல் நாட்டின் நேரத்தை மாற்றினார்கள். 2006இல் திரும்பவும் பழையபடி ஆக்கினார்கள். இடையில் "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுத்தான் ஒரு அலுவலுக்குப் போனோம். ஆனால் சேவலும் மாடும் சூரியனைப் பார்த்துத்தான் எழும்பின. மூளையும் அப்படித்தான்.

மூன்றாவது, காவல். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அங்கே சுரக்கும் ஒரெக்சின் என்ற பொருளை 1998இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எங்களை விழிப்பாக வைத்திருப்பது அதன் வேலை. பசியும் ஆபத்தும் அதைத் தட்டி எழுப்பும். பசித்தவன் சாப்பாடு தேட வேண்டும், ஆபத்தில் உள்ளவன் ஓட வேண்டும் அல்லவா?

பங்கருக்குள் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சின்னச் சத்தத்துக்கும் எழும்பிய தாய்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று அந்தக் காவல் எங்களைக் காப்பாற்றியது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது என்று கலண்டரைப் பார்த்து நாங்கள் அறிவோம். காவலுக்குக் கலண்டர் தெரியாது. தறப்பாள் காற்றில் அடித்தாலும், கோயிலில் வெடி கொளுத்தினாலும் நெஞ்சு படபடக்கிறது. இரவு முழுக்கக் காவல் நின்ற உடம்புக்குப் பகலில் மண்வெட்டி பிடிக்கப் பலம் இல்லை. அவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை அடிக்காதீர்கள். இன்னொன்று: நித்திரை இல்லாத கண், மிதிவெடி அபாயப் பலகைக்கு முன்னால் நின்றாலும் அதைக் கவனிக்காமல் விடலாம். ஆகையால் இது சின்ன விடயம் அல்ல.

காவல்காரனைப் "போய்ப் படு" என்று சொன்னால் போகமாட்டான். மாற்று ஆள் வந்தால் போவான். ஆகவே:

காவலை முறை போட்டுச் செய்யுங்கள். யானைப் பயம், பாம்புப் பயம், குமர்ப்பிள்ளைகளைப் பற்றிய பயம் எல்லாம் உண்மையானவை. அயல் வீடுகள் சேர்ந்து ஆளுக்கு ஒரு சாமம் விழித்திருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகப் படுக்கலாம். ஆண் துணை இல்லாத குடும்பங்கள், வளவு துப்புரவாகும்வரை இரண்டு வீட்டாராகச் சேர்ந்து படுங்கள்.

இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். அரை மணித்தியாலமாவது வெளியில் வெளிச்சத்தில் நில்லுங்கள்.

பசியோடு படுக்க வேண்டாம். உள்ளதில் ஒரு பங்கை இரவுக்கு வையுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணீரைத் தவிருங்கள்.

கசிப்புக் குடித்தால் கெதியாக நித்திரை வரும், பின்னிரவில் குழம்பிவிடும். இன்னொருவருக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையை எடுக்காதீர்கள்.

பகலில் படுப்பதென்றால் மூன்று மணிக்கு முன், அரை மணித்தியாலம் போதும்.

இடையில் விழித்தால் பாயில் புரண்டுகொண்டு கிடக்காமல் எழும்பி இருங்கள். விளக்கைத் தணித்து, கும்பிடலாம், கதைக்கலாம். கண் சொக்கியதும் படுங்கள்.

பிள்ளைகளுக்குக் கால் முகம் கழுவுதல், சாப்பாடு, கதை என்று ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். பாயை நனைத்தால் ஏச வேண்டாம். அதுவும் பயத்தால் வரலாம்.

இவ்வளவும் செய்து ஒரு மாதமாகியும் சரிவராவிட்டால், பயங்கரக் கனவுகள் விடாமல் வந்தால், அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய் உளநல வைத்தியரைக் காண வேண்டும் என்று கேளுங்கள். போக வழி தெரியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். "செத்தால் நல்லது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. காணாமல்போன பிள்ளைக்காகப் படலையைப் பார்த்தபடி விழித்திருக்கும் அம்மாவுக்கு நான் சொன்னது எதுவும் போதாது. வெளிச்சமும் சாப்பாடும் அவர் கேள்விக்குப் பதில் ஆகாது. "மறந்துவிட்டுப் படுங்கோ" என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். இரவில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போடுங்கள். அவர் விழித்திருக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கட்டும்.

இன்றிரவே அயல்வீட்டாரோடு கதைத்து யாருக்கு எந்தச் சாமம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.