கடைசிப் பகா எண் எது?



ஆறாம் வகுப்பில் எரட்டோஸ்தனிஸ் சல்லடையை நூறோடு நிறுத்திவிடுகிறோம். களத்தில் நெல் சலிப்பதைப் பார்த்து வளரும் நம் டெல்டாப் பிள்ளை, "கடைசிப் பகா எண் எது சார்?" என்று கேட்டால்?

கடைசி என்று ஒன்று இல்லை, யூக்ளிட் நிறுவிவிட்டார். அப்படியானால் அடுத்தது எவ்வளவு தொலைவில்? 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு. இதை முதலில் நிறுவியவர் செபிஷெவ். கும்பகோணத்தில் படித்து வளர்ந்த இராமானுஜன் 1919இல் இரண்டே பக்கங்களில் நிறுவினார். 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதியைத் தாண்டி அந்த எண் வரைக்குள் இரண்டு பகா எண்களாவது இருக்கும் என்றும் காட்டினார்.

அக்டோபர் 2024இல் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். அதன் இரு மடங்குக்குள்ளும் இன்னொன்று உண்டு என்பது உறுதி. அது எது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கரும்பலகையில் 10, 20, 40, 80 என எழுதுங்கள். இடையிலுள்ள பகா எண்களைப் பிள்ளைகளே தேடட்டும்: நான்கு, நான்கு, பத்து எனக் கிடைக்கும். "எத்தனை தடவை எண்ணினாலும் அது நிரூபணம் ஆகாதே!" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அன்றைய பாடம் நடந்துவிட்டது.