யார் காசில் கட்டிய பாலம்?

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலருக்கு ஒசாகா இரவு படுக்க ஓர் இடம், அவ்வளவுதான். பகலெல்லாம் கியோட்டோவின் கோயில்களுக்கும் நாராவின் மான்களுக்கும் ரயில் பிடித்துப் போய்விடுவார்கள். இரவு திரும்பி வந்து, டோட்டன்போரி கால்வாய்க்கரை விளக்குகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. அந்த ஊரில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லத்தான் வராது. 1945 குண்டுவீச்சில் பழைய ஊர் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஆனால் நடப்பதற்கு இவ்வளவு வாகான பெருநகரம் ஜப்பானில் குறைவு என்றே சொல்வேன். பெரும்பகுதி சமதரை. பழைய வணிகப் பகுதியில் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். வடக்கு தெற்காகப் போகும் தெருப் பெயர்கள் 'சுஜி' என்று முடியும், கிழக்கு மேற்காகப் போவன 'தோரி' என்று முடியும். இது நினைவில் இருந்தால் போதும், செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம்.

நடக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கூடவே எடுத்துப்போங்கள். இதற்குப் பணம் கொடுத்தது யார்?

எடோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஷோகன் என்ற படைத்தலைமை ஆட்சியாளர் இருந்தது இன்றைய டோக்கியோவில். பேரரசர் இருந்தது கியோட்டோவில். ஒசாகாவில் இருந்தவர்கள் வியாபாரிகள். கால்வாய்களால் பின்னிய ஊர் அது. எண்ணூற்றெட்டுப் பாலம் உள்ள ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் இருந்தவை இருநூறு சொச்சம். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் அரசு கட்டிப் பராமரித்தவை 12தான். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்து வணிகர்களும் தெருக்காரர்களும் கையிலிருந்து போட்டுக் கட்டியவை.

அதற்கு ஒரு சாட்சியாக யோதோயாபாஷிக்குப் போவோம். உமேதா ரயில் நிலையத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். இப்போதிருப்பது 20ஆம் நூற்றாண்டுப் பாலம். ஆனால் பெயர், முதலில் அந்த இடத்தில் சொந்தச் செலவில் பாலம் போட்ட யோதோயா என்ற வணிகக் குடும்பத்தின் பெயர். அவர்கள் வீட்டு வாசலில்தான் ஊரின் அரிசிச் சந்தை கூடியது. பிரபுக்கள் பலர் அந்தக் குடும்பத்திடம் கடன்பட்டிருந்தார்கள். 1705இல் ஷோகன் அரசு, வணிகன் தன் தகுதிக்கு மீறி ஆடம்பரமாக வாழ்கிறான் என்று குற்றம்சாட்டி மொத்தச் சொத்தையும் பறிமுதல் செய்துவிட்டது. கடன்பட்டவர்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அரிசிச் சந்தை அதற்கு முன்பே ஆற்றைத் தாண்டித் தோஜிமாவுக்கு மாறியிருந்தது. கைக்கு வராத அரிசியை இன்றே விலைபேசி விற்பது, வாங்குவது என்ற முன்பேர வணிகம் அங்கே வளர்ந்து, 1730இல் அரசின் அங்கீகாரமும் பெற்றது. உலகின் முதல் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் காட்டுவது இதைத்தான். அன்றைய விலையை வெளியூருக்குத் தெரிவிக்க, மலை உச்சிக்கு உச்சி ஆள் நிறுத்திக் கொடி அசைத்தார்கள்.

பக்கத்திலேயே, இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தீவு நாகனோஷிமா. அங்கே சிவப்புச் செங்கல்லில் ஒரு பொதுமண்டபம். இவமோட்டோ எய்னோசுகே என்ற பங்குத் தரகர் 1911இல் அதற்காக நகரத்துக்குப் பத்து லட்சம் யென் கொடுத்தார். அமெரிக்கா போனபோது அங்கே செல்வந்தர்கள் பொதுக்காரியங்களுக்கு அள்ளிக் கொடுப்பதைப் பார்த்து வந்தவர் அவர். முதல் உலகப்போர் சமயத்தில் சந்தை தலைகீழானது, பெரும் நஷ்டம். கொடுத்ததில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கேளுங்கள் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்களாம், அவர் மறுத்துவிட்டார். 1916இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மண்டபம் திறந்தது 1918இல். இன்றும் அங்கே கச்சேரியும் கூட்டமும் நடக்கின்றன. ஒசாகாவில் ஒரே ஒரு கட்டடத்தின் முன் நிற்க நேரம் உண்டு என்றால், கோட்டையை விட்டுவிட்டு இங்கே நில்லுங்கள் என்பேன்.

கோட்டை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் கோபுரம் 1931இல் கட்டிய கான்கிரீட். உள்ளே லிஃப்ட் உண்டு. இதைக் கேலி செய்பவர்கள் நிறைய. ஆனால் அதுவும் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்ததுதான்.

யோதோயாபாஷியிலிருந்து தெற்கே பார்த்தால் மிடோசுஜி. உமேதாவிலிருந்து நம்பா வரைக்கும் சுமார் 4 கிலோமீட்டர், இரு பக்கமும் கிங்கோ மரங்கள். ஒரு காலத்தில் சுமார் 6 மீட்டர் அகலமே இருந்த சந்து. மேயர் செகி ஹாஜிமே அதை 44 மீட்டராக அகலப்படுத்தப் போகிறேன் என்றபோது, விமான ஓடுதளமா போடுகிறீர்கள் என்று கேட்டார்களாம். சாலையோரத்து நிலக்காரர்களிடமும் வசூலித்து, அடியில் சுரங்க ரயிலும் சேர்த்துப் போட்டார்கள். சாலை 1937இல் முடிந்தது. அதைப் பார்க்க மேயர் இல்லை; 1935இலேயே காலமாகிவிட்டார். நவம்பர் இறுதியில் போனால் இந்த மரங்கள் மஞ்சளாகியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். அந்தப் புழுக்கத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

மிடோசுஜியிலேயே நேராகப் போய்விடாமல், இடையில் கிழக்கே திரும்பித் தோஷோமாச்சித் தெருவில் நுழையுங்கள். மருந்து வணிகர்களின் தெரு. தகேதா, ஷியோனோகி என்ற பெரிய மருந்து நிறுவனங்கள் இங்கே தொடங்கியவை. கட்டடங்களின் இடுக்கில் மருந்துத் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயிலும் உண்டு.

டோட்டன்போரி கால்வாயும் தனிமனிதர்கள் முனைந்து வெட்டியதுதான். 1615இல் முடிந்தது. முதலில் முனைந்தவரான டோட்டன் அதே ஆண்டு ஒசாகாப் போரில் இறந்துபோனார். உறவினர்கள் வேலையை முடித்தார்கள், பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. இன்று அங்கே கால் அசைக்கும் ராட்சத நண்டும், ஓடுகிற வீரனின் விளம்பரப் பலகையும், நெரிசலும். பத்து நிமிடம் போதும். அடுத்த சந்தில் ஹோசென்ஜி கோயில். அங்குள்ள ஃபுதோ என்ற தெய்வத்தின் சிலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். ஊற்றி ஊற்றி, உருவமே தெரியாதபடி பாசி மூடிக்கிடக்கிறது.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்கவேண்டும். கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த மீன் சீவலும் போட்டு எடுத்த சாறுதான் இந்த ஊர்ச் சமையலின் அடிப்படை. கிண்ணத்தில் மீன் கண்ணில் படாவிட்டாலும் சாற்றில் இருக்கும். அந்தக் கடற்பாசிகூட இங்கே விளைந்ததில்லை, வடக்கே ஹொக்கைதோவிலிருந்து வணிகக் கப்பலில் வந்து பழகியது.

நடைபாதையில் சைக்கிள்கள் பின்னாலிருந்து வரும், ஓரமாகவே போங்கள். நகரும் படியில் வலப்பக்கம் நிற்கவேண்டும், டோக்கியோவில் இடப்பக்கம். குப்பைத் தொட்டி தேடினால் கிடைக்காது, பையில் வைத்துக்கொள்ளவேண்டியதுதான். மழை பிடித்துக்கொண்டால் தென்ஜின்பாஷிசுஜிக்குப் போய்விடுங்கள். 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைத்தெரு. பழைய புத்தகம், கத்தி, தேநீர், பாட்டிமார் வாங்கும் சட்டைகள் என்று ஊர்க்காரர்களுக்கான கடைகள் அதிகம்.

சமதரை என்று சொன்னேன். அதற்கு விலக்கு உயெமாச்சி மேடு. ஒரு காலத்தில் கடல் இதன் மேற்கு அடிவாரம் வரை வந்திருந்தது. இந்த மேட்டில்தான் 593இல் தொடங்கிய ஷிதென்னோஜி பௌத்தக் கோயில். மேட்டிலிருந்து மேற்கே இறங்கும் ஏழு சரிவுகளுக்கும் தனித்தனிப் பெயர். குச்சினவா என்ற கல்படிச் சரிவு எனக்குப் பிடித்தது. பாம்புபோல் மெல்ல இறங்கும், இரு பக்கமும் கோயில் மதில்கள்.

கடைசியாக ஒன்று. தைஷோ வட்டாரத்தில் கிசு ஆற்றின் மேல் செம்பொன்மாட்சு என்றொரு பாலம். கப்பல்கள் அடியில் போகவேண்டும் என்பதால் முப்பது மீட்டருக்கு மேல் தூக்கி, இரண்டு முனையிலும் சுருள் சுருளாகச் சாலை அமைத்திருக்கிறார்கள். காருக்குச் சரி, நடக்கிறவன் பாடு திண்டாட்டம். அதனால் பாலம் வந்த பிறகும் அதன் அடியில் படகு ஓடுகிறது. ஊரில் இப்படி எட்டு இடங்களில் ஓடுகின்றன. மாநகராட்சிதான் ஓட்டுகிறது; 1920 முதல் கட்டணம் கிடையாது. பயணச்சீட்டுக்கு எங்கே நிற்பது என்று தேடவேண்டாம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் ஏறும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அக்கரை.