திரும்பி வர முடியாத குதிரை

நேரலையில் இணைந்திருக்கும் நண்பர்களுக்கு, உங்கள் ஊரில் இப்போது விடியலோ நள்ளிரவோ, என் அன்பு. பயணமும் இலக்கியமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு குதிரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சென்ற கோடையில் நானும் மகளும் ஒஸ்லோவிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனோம். வடக்கே ஸ்காகாஃபியோர்டில் ஒரு பண்ணை விடுதி. மரச்சுவர், கம்பளிப் போர்வை, இரவில் ஆட்டிறைச்சிச் சூப், பகலில் குதிரைச் சவாரி. வெளிநாட்டில் பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை எதையும் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். மகளின் பழைய கையுறை வீட்டிலேயே தங்கியது.

அந்தக் குதிரை உயரம் குறைந்தது. மட்டக்குதிரை என்றால் ஊர்க்காரர்களின் முகம் சுருங்கும். ஏறும்போது என் அறுபது வயது முழங்கால் அதற்கு நன்றி சொன்னது. 'டோல்ட்' என்று அதற்குத் தனி நடை ஒன்று உண்டு. எந்தக் கணத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அதனால் குலுக்கல் இல்லை. கையிலுள்ள பியர் தளும்பாமல் ஓட்டிக் காட்டுவார்கள்.

ஹ்ராஃப்ன்கெல் சாகாவில் ஃப்ரேஃபாக்ஸி என்றொரு குதிரை வரும். ஏறக்கூடாத அந்தக் குதிரையில் ஓர் இடையன் ஏறிவிடுகிறான். அது வியர்வையும் சேறுமாக எசமானின் வாசலுக்கு ஓடிவந்து கனைக்கிறது. அதனால் இடையனின் உயிர் போகிறது. கதையில் குதிரை வீடு திரும்புகிறது. நிஜத்தில், ஐஸ்லாந்தை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரை திரும்பவே முடியாது. 982இல் ஆல்திங் மன்றம் வெளிக்குதிரைகளைத் தடுத்ததாகச் சொல்வார்கள். இன்றும் தடை இருக்கிறது. காரணம் கொடுமையல்ல. ஆயிரம் ஆண்டு தனித்து வாழ்ந்த குதிரைகளுக்கு வெளிநோய்களை எதிர்க்கும் சக்தி இல்லை. உலகப் போட்டிக்குக் கொண்டுபோகும் குதிரையும் அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். வென்றாலும் வீரர் தனியாகத்தான் வீடு திரும்புவார்.

விடுதியை நடத்தும் பெண் தன் குதிரையை அப்படி ஜெர்மனியில் விட்டுவந்தவர். சூப்பைப் பரிமாறியபடி சொன்னார்: "ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அதுதான் வர முடியாது. நான் போகலாம் அல்லவா?"

இதைக் கேட்டவுடன் எனக்குள் ஒரு புலம்பெயர் கதை தயாராகிவிட்டது. 1986இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன் நான். அந்தக் குதிரை நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் மாமியைப் பார்க்கப் போறேல்லை?"

"போகேலாது பிள்ளை" என்றேன்.

"குதிரைக்குச் சட்டம் இருக்கு. உங்களுக்கு?"

உண்மையாகவே போக முடியாத நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அவர்களைச் சொல்லவில்லை. என்னிடம் நோர்வே கடவுச்சீட்டு இருக்கிறது. என்னோடு வந்த பலர் போய்வந்துவிட்டார்கள். நான் அஞ்சுவது, இடிந்த வீட்டையும் என்னை அடையாளம் தெரியாத ஒழுங்கையையும். அந்த அச்சத்துக்குத்தான் 'திரும்ப முடியாமை' என்று பெயர் வைத்து, இத்தனை ஆண்டுகள் கதை எழுதியிருக்கிறேன். வாசகர்களும் கண் கலங்கினார்கள். அக்கா மட்டும் அந்தக் கதைகளை வாசித்துவிட்டு, "எப்ப வாறாய்?" என்று கேட்பா.

பயணச்சீட்டு எடுத்தாயிற்றா என்று மகள் இந்த நேரலையிலும் கேட்கக்கூடும். இன்னும் இல்லை. ஆனால் கடந்த வாரம் அக்காவிடம், முடியாது என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னேன்.