உயிருள்ள கலமும் நுணுக்குக்காட்டியும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலி, செம்மண் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற ஊராகும். அவ்வூர்ச் சந்தைக்கு வரும் செந்நிற வெங்காயம் கறிக்கு மட்டும் உரியதன்று. உயிரியலின் ஆழ்ந்த வினாவொன்றுக்கு விடை கூறவும் வல்லது. உயிருள்ள கலத்தை அதன் உயிர் கெடாமற் காண்பது எங்ஙனம் என்பதே அவ்வினா.

இங்கிலாந்தைச் சேர்ந்த றொபேட் ஊக் என்பார் 1665ஆம் ஆண்டில் தக்கைத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதிற் கண்ட சிற்றறைகளுக்குக் கலம் எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஆயின் அவர் தக்கையிற் கண்டவை உயிர் நீங்கிய வெறுஞ்சுவர்களே. சில ஆண்டுகளின் பின், ஒல்லாந்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தீட்டிய வில்லையினூடாக நீர்த்துளியில் ஓடித்திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். முன்னவர் வீட்டைக் கண்டார். பின்னவர் குடியிருப்போரைக் கண்டார் எனலாம்.

குடியிருப்போரைத் தெளிவாகக் காண்பது எளிதன்று. கலத்தின் பெரும்பகுதி நீர். அது கண்ணாடிபோல் ஒளியை ஊடுபுக விடுவது. ஆதலால் ஆய்வாளர் சாயமூட்டினர். வெங்காயத்தோலில் ஒரு துளி அயடீன் கரைசலை இட்டால், மங்கலாய்த் தோன்றிய கரு தெளிந்து நிற்கும். ஆனால் குழியவுருவின் ஓட்டம் நின்றுவிடும். சாயம் உருவைக் காட்டிற்று, உயிரைப் போக்கிற்று.

சாயமின்றி நோக்குவதன் பயனை மலேரியாவின் வரலாறு உணர்த்தும். 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி, அல்சீரியா நாட்டில், பிரெஞ்சு இராணுவ மருத்துவரான லவரான் நோயாளியொருவரின் புதுக்குருதியைச் சாயமூட்டாது நோக்கினார். அதில் உருண்டையொன்றின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் துடித்தசைந்தன. அவ்வசைவே அது உயிருள்ள ஒட்டுண்ணி என்பதை அவருக்கு உணர்த்திற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது அந்நோயே. 2016ஆம் ஆண்டில் இந்நாடு அந்நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கலத்தைக் கொல்லாமற் காணும் வழியொன்றை ஒல்லாந்து அறிஞர் செர்னிக்கே வகுத்தார். கலத்தின் அடர்ந்த பகுதியினூடு செல்லும் ஒளி சிறிது பின்தங்குகிறது. கண் அதனை உணராது. அவர் அமைத்த கருவி அப்பின்தங்கலை ஒளி நிழல் வேறுபாடாக மாற்றிக் காட்டிற்று. சாயமேதுமின்றிக் கலம் இரண்டாய்ப் பிரிவதையும் காண முடிந்தது. இதற்காக 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டி இன்னும் பன்மடங்கு பெருக்கிக் காட்டுமெனினும், பொதுவாக அதனுள் வெற்றிடம் வேண்டும். உயிர்க்கலம் அங்குப் பிழைப்பதில்லை. பிற்காலத்தில், கடல்வாழ் இழுதுமீனிலிருந்து பெற்ற, பச்சையொளி வீசும் புரதமொன்றை உயிர்க்கலத்தினுள்ளேயே தோன்றச்செய்து, அதன் தொழிலைத் தொடர்ந்து நோக்கும் முறை வளர்ந்தது. அதற்கு 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய விலையுயர்ந்த கருவிகள் இல்லாத பாடசாலையிலும் உயிரைக் காணலாம். செந்நிற வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள இதழொன்றில், நிறமுள்ள வெளிப்புறத் தோலை மெல்ல உரித்து, ஒரு துளி நீரில் வைத்து நோக்குக. ஒவ்வொரு கலத்திலும் செஞ்சாறு நிறைந்திருக்கும். பின்பு நூறு மில்லிலீற்றர் நீரில் ஐந்து கிராம் உப்பைக் கரைத்து, அக்கரைசலை ஊட்டுக. சில நிமிடங்களிற் கலத்தின் நீர் வெளியேற, உள்ளிருக்கும் முதலுரு சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். தாமதியாது மீண்டும் நன்னீர் ஊட்டினால் அது விரிந்து பழைய இடத்தை நிரப்பும். கொதிநீரில் இட்ட தோலோ அவ்வாறு செய்யாது. அதன் மென்சவ்வு சிதைந்து சாறு கசிந்துவிடும். சுருங்கி மீள்வதே உயிரின் சான்று.

கரும்பலகையில் வரைந்த படத்தை மட்டும் கண்ட மாணவன் கலத்தை ஒரு பெட்டியென்றே எண்ணுவான். செஞ்சாறு சுருங்கி விரிவதை ஒருமுறை கண்டவன் அவ்வாறு எண்ணான். அலுமாரியிற் பூட்டிய நுணுக்குக்காட்டி பழுதுபடாமல் இருக்கலாம். ஆயினும் அதனால் எவரும் எதனையும் காண்பதில்லை. அது மேசைக்கு வரட்டும், வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை.